மூன்றாவது அறிவுரை: சிறுவர் கதை ஒன்றின் மூலத்தைத் தேடி

ஹதீஸ் கலையில் சிறிதளவேனும் பழகியவர்களுக்கு, எந்தச் செய்தி காதில் விழுந்தாலும் 'இதை அறிவித்தவர் யார்?' என்று கேட்பது இயல்பாகிவிடும். ஆயினும் இவ்வினாவை நாம் இளமையில் கேட்ட கதைகளிடம் எழுப்புவதில்லை. பாட்டி சொன்னார், ஓதிக் கொடுத்தவர் சொன்னார் என்பதோடு அக்கதைகளின் அறிவிப்பாளர் வரிசை முடிந்துவிடுகிறது. அது தவறென்று சொல்ல வரவில்லை. கதை கேட்கும் குழந்தை ஸனதைக் கேட்டால் கதை எப்படி நகரும்? ஆனால் அதே கதை வளர்ந்து மிம்பர் மீது ஏறும்போதும், மக்தப் பாடநூலில் அச்சேறும்போதும் நிலைமை வேறாகிவிடுகிறது. யாரோ ஒருவர் அதனை நபிமொழி என்பார். அதை மறுக்க எழுந்த இன்னொருவர், பேசும் பறவையும் பேசும் விலங்கும் வரும் கதைகள் யாவும் கட்டுக்கதைகள், பிள்ளைகளுக்குச் சொல்லத்தகாதவை என்பார். இரண்டு கூற்றுகளையும் ஒரே கதை குறித்து ஒரே ஆண்டில் கேட்க நேர்ந்ததால், அக்கதையின் மூலத்தைத் தேடிப் பார்ப்பது கடமை என்று தோன்றியது.

1970களின் நடுவில், கடற்கரையூர் ஒன்றில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த மூதாட்டி ஒருவர், பலகையில் அன்றைய பாடம் முடிந்தபின் சொல்லும் கதைகளுள் அது ஒன்று. என் நினைவில் எஞ்சியது இவ்வளவே: ஒருவன் ஒரு குருவியைப் பிடிக்கிறான். தன்னை விட்டுவிட்டால் மூன்று புத்தி சொல்வதாகக் குருவி பேரம் பேசுகிறது. ஒன்று கையில் இருக்கும்போது. ஒன்று மரத்தின் மேல். ஒன்று மலையின் மேல். குருவியின் வயிற்றில் இரண்டு பெரிய முத்துகள் என்று ஒரு பேச்சு வரும். அவன் உதட்டைக் கடித்துக்கொள்வான். அந்த இடத்தில் அவர் தம் உதட்டையும் கடித்துக் காட்டுவார். முதல் புத்தி, போனதை எண்ணி அழாதே என்பது. இரண்டாவது, நடக்காததை நடக்கும் என்று நம்பாதே என்பது. மூன்றாவது நினைவில் இல்லை. உடன் ஓதியவர்களில் இன்று உயிரோடிருக்கும் சிலரிடம் விசாரித்தேன்; அவர்களுக்கும் கையும் மரமும் மலையும் நினைவிருந்தன, மூன்றாவது புத்தி மட்டும் இல்லை. இத்தனை பேருடைய நினைவும் ஒரே இடத்தில் அறுபட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. தேடலுக்கு அதுவே முதல் தடயம்.

இக்கதையைச் சொன்னால் பாரசீகம் கற்றவர்கள் உடனே மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (1207–1273) அவர்களின் மஸ்னவியைச் சுட்டுவார்கள். ஆறு பாகங்கள் கொண்ட அந்நூலின் நான்காம் பாகத்தில் இது இருக்கிறது. அங்கே ஒருவன் சூழ்ச்சியால் வலை விரித்து ஒரு பறவையைப் பிடிக்கிறான். பறவை அவனிடம், நீ எத்தனையோ மாடுகளையும் ஆடுகளையும் தின்று தீர்த்தவன், எத்தனையோ ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தவன், அவற்றால் நிறையாத வயிறு என் சிறிய உறுப்புகளாலா நிறையப்போகிறது என்ற பொருள்படக் கேட்கிறது. மண் பூசிய கூரையும் மரமும் வருகின்றன, மலை இல்லை. அறிவுரைகளின் வரிசையும் மாறியிருக்கிறது: நடக்கவொண்ணாததை நம்பாதே என்பது கையில் இருக்கும்போதே சொல்லப்பட்டுவிடுகிறது, கடந்ததற்கு வருந்தாதே என்பது கூரையின் மேலிருந்து வருகிறது. முத்து ஒன்றுதான், அதன் எடை பத்துத் திர்ஹம். பறவையோ தான் மூன்று திர்ஹம் எடைகூட இல்லை என்கிறது. மஸ்னவியின் இவ்வடிவம் எங்கள் மூதாட்டியின் கதைக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் தாயன்று. இரண்டு முத்துகளும் மலையும் உதட்டுக்கடியும் வேறிடத்திலிருந்து வந்தவை.

அவ்வேறிடம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவு உலூமித்தீன். நாற்பது நூல்களாகப் பகுக்கப்பட்ட அப்பெருந்தொகுப்பின் மூன்றாம் கால்பகுதி, மனிதனை அழிவில் ஆழ்த்தும் தீய குணங்களைப் பற்றியது. அதில் உலோபத்தையும் பொருள் மோகத்தையும் இகழும் இருபத்தேழாம் நூலில், பேராசையைப் பேசுமிடத்தில் இக்கதை வருகிறது. ஷஃபீ அவர்கள் வழியாகச் சொல்லப்படுவதாக இமாம் தொடங்குகிறார். பிடிபட்ட பறவை பொதுவான குருவியன்று. குன்புரா, அதாவது தலையில் கொண்டையுள்ள வானம்பாடி. என்னை என்ன செய்யப்போகிறாய் என்று அது கேட்க, அறுத்துத் தின்பேன் என்கிறான். என் இறைச்சி உன் நாவின் ஏக்கத்தையும் தீர்க்காது, வயிற்றின் பசியையும் ஆற்றாது. அதைவிட மேலான மூன்று பண்புகளை உனக்குக் கற்பிக்கிறேன் என்று பேரம் பேசுகிறது. கை, மரம், மலை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. மலையுச்சியை அடைந்ததும், அறிவுகெட்டவனே, என்னை அறுத்திருந்தால் என் இரைப்பையிலிருந்து இரண்டு முத்துகளை எடுத்திருப்பாய், ஒவ்வொன்றும் இருபது மிஸ்கால் என்கிறது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு புலம்புகிறான். பிறகு, மூன்றாவதைச் சொல் என்கிறான்.

தேடியது இங்கே அகப்பட்டது. மூன்றாவதை வானம்பாடி சொல்வதே இல்லை. இரண்டையும் நீ மறந்துவிட்டாய், மூன்றாவதை உனக்கு எப்படிச் சொல்வேன் என்று கேட்டு, என் சதையும் இரத்தமும் இறகும் சேர்ந்தே இருபது மிஸ்கால் ஆகாதபோது என் இரைப்பைக்குள் இருபது மிஸ்கால் முத்து எப்படி இருக்கும் என்று கணக்கையும் காட்டிவிட்டுப் பறந்துபோகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் எவருக்கும் மூன்றாவது புத்தி நினைவில்லாமல் போனதன் காரணம் அதுதான். மறதி எங்களுடையதன்று. அந்த வெற்றிடம் நூலிலேயே இருக்கிறது. மூதாட்டி அதனை ஓர் அமானிதத்தைப் போல் அப்படியே எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். அவருக்கு அரபு நூல்களைத் தாமே படிக்கும் கல்வி இல்லை. வீட்டிலோ பள்ளியிலோ ஆலிம் ஒருவர் இஹ்யாவை வைத்துப் பயான் செய்தபோது திரைக்கு அப்பாலிருந்து கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதையில் பறவையின் இனம் ஒன்றைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்பதை எண்ணும்போது, செவிவழி மரபை எளிதாக ஒதுக்கும் நம் படிப்பாளிகளின் மீது எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

ஷஃபீ என்பவர் யார் என்பதும் இங்கே முக்கியம். ஷாஃபிஈ மத்ஹபின் இமாமோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஆமிர் இப்னு ஷராஹீல் அஷ்ஷஃபீ கூஃபா நகரத்துத் தாபிஈ, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர், நினைவாற்றலுக்குப் புகழ்பெற்றவர், காழியாக இருந்தவர், நகைச்சுவைக்கும் பேர்போனவர். அவருடைய பெயரிலேயே இக்கதை கஸ்ஸாலிக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு குர்துபாவில் எழுதப்பட்ட இப்னு அப்து ரப்பிஹியின் அல்-இக்துல் ஃபரீதிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்நூலாசிரியர் ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) காலமானவர். 'ஒப்பற்ற அணிவடம்' என்னும் பெயருக்கேற்ப அதன் இருபத்தைந்து பகுதிகளுக்கும் மணிகளின் பெயர் சூட்டியிருக்கிறார். பழமொழிகளுக்கும் உவமைகளுக்கும் உரிய பகுதிக்கு 'ஜவ்ஹரா' என்று பெயர். இல்லாத முத்தைப் பற்றிய கதை அந்த மணியின் கீழ்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆக, கூஃபாவின் தாபிஈ ஒருவர், அந்தலூஸின் அதீப் ஒருவர், தூஸின் இமாம் ஒருவர், கோன்யாவின் கவிஞர் ஒருவர் என்று கதை நடந்து வந்த வழி நமக்குத் தெரிகிறது. இவ்வழியில் எவ்விடத்திலும் இது நபி (ஸல்) அவர்களின் கூற்றாகச் சொல்லப்படவில்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தாண்ட நபிமொழிகளைத் துருவி ஆராய்ந்து தரம் பிரித்த ஹாஃபிழ் ஸைனுத்தீன் அல்-இராக்கீ (ஹிஜ்ரி 806இல் மறைந்தவர்) அவர்களின் பணியும் நபிமொழிகளைப் பற்றியது. தாபிஈ சொன்ன உவமைக் கதை அதன் எல்லைக்குள் வருவதன்று. இதை நபிமொழி என்று மிம்பரில் முழங்கியவர், இமாம் எழுதாததை இமாமின் பெயரால் சொன்னார் என்பது மட்டுமன்று. நபியின் மீது சொல்லாததை ஏற்றிச் சொன்னார். அதன் கடுமையை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் பார்ப்போம். பறவை பேசுமா, பேசாததைப் பேசியதாகச் சொல்வது பொய்யாகாதா என்பது அவர்களின் கேள்வி. இதற்கு விடை நம் அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஹரீரீ (ஹிஜ்ரி 516இல் மறைந்தவர்) தம் மகாமாத்தின் முன்னுரையில், வாயில்லா உயிர்களின் மீதும் உயிரற்ற பொருள்களின் மீதும் ஏற்றிச் சொல்லப்பட்ட கதைகளைக் கேட்டு முகம் சுளித்தவரையோ, அவற்றை அறிவித்தவரைப் பாவி என்றவரையோ எவரும் கண்டதில்லை என்னும் கருத்தில் தம் நூலுக்கு நியாயம் கூறுகிறார். மாணவர்கள் அம்முன்னுரையின் அடுக்குச் சொற்களை மனனம் செய்கிறார்கள், வாதத்தை விட்டுவிடுகிறார்கள். கபர் வேறு, மஸல் வேறு. முன்னது நடந்ததைச் சொல்வது. அதில் மெய், பொய் என்ற ஆராய்ச்சிக்கு இடமுண்டு. பின்னது உவமை, கேட்பவன் ஒருவனும் அது நடந்ததென்று நம்பி ஏமாறுவதில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படிக்கும்போது எழும் கேள்வி வேறு. ஏனெனில் அங்கே பேசும் மான் நபியவர்களின் வரலாற்றுக்குள் வருகிறது, ஆகவே அறிவிப்பின் வலிமையை ஆராய வேண்டியிருக்கிறது. வானம்பாடிக்கு அந்தச் சுமை இல்லை. சொன்ன சொல்லைக் காக்கத் திரும்பி வரும் மானையும், சொல்லவேண்டியதைச் சொல்லாமலே பறந்துபோகும் வானம்பாடியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது தனியே ஒரு கட்டுரைக்கு உரிய பொருள்.

இக்கதைக்கு இன்னொரு பெருங்கிளை உண்டு. பிலவ்ஹர் என்னும் துறவி ஓர் அரசகுமாரனுக்கு உபதேசம் செய்யும் அரபு நூலில் இது ஓர் உவமையாக வருகிறது. அந்த அரசகுமாரனின் வரலாறு புத்தரின் வாழ்க்கைக் கதையின் சாயல் என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிபு. போதிசத்துவர் என்னும் பெயர் அரபில் பூதாசஃப் ஆயிற்று. பா எழுத்தின் கீழிருந்த ஒரு புள்ளி எழுதுவோர் கையில் இரண்டாகி யா என்று வாசிக்கப்படவே யூதாசஃப் ஆயிற்று. ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்தில் இயோவாசஃப் என்றும், இலத்தீனில் ஜோசஃபத் என்றும் திரிந்து, கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் வரிசையிலும் இடம்பெற்று, நவம்பர் 27 அவருடைய நினைவு நாளாகக் குறிக்கப்பட்டது. நுக்தாவின் அருமையை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. கிரேக்க வடிவில் பிடிபடுவது இராப்பாடி. முத்து நெருப்புக்கோழி முட்டையிலும் பெரியது. மூன்று அறிவுரைகளும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன: எட்டாததை எட்ட முயலாதே, கடந்ததற்கு வருந்தாதே, நம்பத்தகாததை நம்பாதே. முத்தைப் பற்றிக் கேட்டதும் அவன் பறவையை மீண்டும் தன் வீட்டுக்கு வருமாறு நயந்து அழைத்து மூன்றையும் ஒரேயடியாக மீறுகிறான். ஸ்பெயினில் 1106இல் யூத சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய பெட்ரஸ் அல்ஃபோன்சி, அரபு மூலங்களிலிருந்து தொகுத்த தம் இலத்தீன் நூலிலும் இதைச் சேர்த்தார். அங்கே முத்துக்குப் பதில் ஒரு மாணிக்கக் கல் வருகிறது; உன்னுடையதை உன்னிடமே வைத்துக்கொள் என்பது மூன்றனுள் ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் லிட்கேட் என்னும் கவிஞர் பாட்டாகவும் பாடிவிட்டார். ஐரோப்பியர் தொகுத்த நாட்டார் கதைகளின் அட்டவணையில் இதற்கு 150 என்னும் எண் கொடுத்திருக்கிறார்கள்.

இக்கிளையில் கணக்கு நேராக இருக்கிறது. மூன்று அறிவுரை, மூன்று மீறல், மூன்று இடித்துரை. கேட்பவர் மனநிறைவோடு எழுந்து போகலாம். ஷஃபீயின் வழிவந்த வடிவமோ கேட்பவரைக் கடனாளியாக்கி விட்டுவிடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், தயக்கமின்றி இரண்டாவதையே சொல்வேன். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, இடங்களின் அமைப்பு. வானம்பாடி தரையில் ஓடி இரை தேடி, தரையிலேயே கூடு கட்டி, பாடும்போது மட்டும் வானில் ஏறும் பறவை. கை, மரம், மலை என்று அது உயர உயர, அவனுக்கும் அதற்கும் உள்ள தொலைவு கூடுகிறது; அறிவுரையைக் கேட்கக் காதைத் தீட்டவேண்டியிருக்கிறது. மலைமேல் போனபின் அவன் கத்தித்தான் பேசியிருக்க வேண்டும். மூதாட்டி குரலை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. பேராசிரியர்கள் எழுதும் கதையமைப்பு விளக்கங்களைப் படிக்காதவர் அவர். கதையே அப்படிச் சொல்லவேண்டிய விதத்தை அவருக்குக் கற்பித்திருக்கிறது. மஸ்னவியில் கூரையும் மரமும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்த ஏற்றம் அங்கே இல்லை.

அடுத்தது அறிவுரைகளின் வரிசை. கையில் இருக்கும்போது, கைநழுவியதற்காகப் புலம்பாதே என்று சொல்லப்படுகிறது. அச்சொல்லைக் கேட்ட மறுகணமே பறவை கைநழுவுகிறது. அதாவது அறிவுரையும் அதற்கான தேர்வும் ஒரே நொடியில் நிகழ்கின்றன. அந்தத் தேர்வில் அவன் தேறியும்விடுகிறான், ஏனெனில் அப்போது அவனுக்கு இழப்பு சிறியது. ஒரு கவளம் இறைச்சி. இழந்தது இருபது மிஸ்கால் முத்து என்று ஆனவுடன்தான் தோற்கிறான். இழப்பின் மதிப்பு உயரும்போது கல்வி கரைந்துவிடுகிறது என்பதை இந்த வரிசை மட்டுமே காட்டுகிறது. ரூமியின் வரிசையில் இது கிடைப்பதில்லை. இங்கே கையாளப்பட்ட சொல்லையும் கவனிக்க வேண்டும். வருத்தத்தைக் குறிக்க ஹுஸ்ன் என்னும் பொதுச்சொல் இருக்க, வானம்பாடி லஹஃப் என்னும் வேர்ச்சொல்லை எடுக்கிறது. அது ஐயோ என்று நெஞ்சடைத்து எழும் ஏக்கம். கைநழுவுதலைக் குறிக்கும் ஃபாத்த என்னும் வினையோ, உஹதுப் போரின் பின்னணியில் அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 153ஆம் வசனத்திலும், ஹதீத் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்திலும் இதே கருத்தில் வருவது. அரபு அறிந்த செவிக்கு ஒரு சிறு பறவையின் பேச்சில் இறைமறையின் எதிரொலி கேட்கும். கேலிக் கதையாகத் தொடங்கியது அந்த இடத்தில் கனத்துவிடுகிறது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். மிஸ்கால் ஒன்று ஏறத்தாழ நாலேகால் கிராம். இருபது மிஸ்கால் 85 கிராம். கொண்டை வானம்பாடியின் முழு எடையே சுமார் 40 கிராம்தான். இரண்டு முத்துகளும் சேர்ந்து 170 கிராம். பறவையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். மனத்தில் போட்டுப் பார்த்தாலே உடையும் பொய்யைத்தான் வானம்பாடி சொல்கிறது. அவ்வளவு பெரிய பொய்யாகச் சொன்னதில்தான் அதன் நேர்மை இருக்கிறது. சிறிதளவு சிந்தித்தால் தப்பிக்க வழிவிட்டே வலை விரிக்கிறது. இருபது மிஸ்கால் என்பது பொன்னுக்கு ஸகாத் கடமையாகும் நிஸாபின் அளவு என்பதை ஃபிக்ஹு படித்த எவரும் அறிவர். முத்துக்கு அக்கணக்கு இல்லை. எனினும் அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு வறியவனின் செவியில் 'இன்றோடு நானும் செல்வந்தன்' என்னும் பொருள் ஒலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகமே. உரையாசிரியர்கள் மீது ஏற்றவில்லை.

மாணவர்களிடம் இக்கதையைப் பாடமாக வைத்தபோது, ஃபிக்ஹு மூளையுள்ள ஒருவர் எழுந்து, மூன்று தருவதாக ஒப்பந்தம் செய்துவிட்டு இரண்டோடு நிறுத்தியது மோசடியாகாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. உயிருக்கு அஞ்சி நெருக்கடியில் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லுமா என்று ஒரு சாரார் வாதிட, அந்த வகுப்பு முழுவதும் நிர்ப்பந்தத்தின் சட்டங்களில் கழிந்தது. என் கருத்தில் வானம்பாடி ஒப்பந்தத்தை மீறத்தான் செய்தது. கதை அதை மறைக்கவும் இல்லை. பறவையை அவ்லியாவாக்கிச் சொல்லும் மறுபதிப்புகள்தாம் இதைக் கண்டு கூச்சப்படுகின்றன.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதைப் பேராசைக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறார்கள். ஆசை மிகும்போது உண்மையைக் காணும் கண் குருடாகி, நடக்கவியலாததும் நடக்கக்கூடியதாகத் தோன்றும் என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தின் நுட்பத்தை நம் பயான்கள் கவனிப்பதில்லை. பேராசையை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லி இமாம் நிறுத்தவில்லை. அது அறிவுக்கு நேரும் கேடு என்கிறார்கள். அவன் பொருளை விரும்பியது முதல் குற்றமாயினும், அதனால் கூட்டல் கழித்தல் கணக்கு மறந்துபோனதே அவனை நகைப்புக்கிடமாக்குகிறது. இன்று கைப்பேசியில் ஒரே நாளில் வந்து குவியும் அற்புதச் செய்திகளையும் அவற்றை நாற்பது பேருக்கு அனுப்பினால் கிடைக்கும் நன்மைகளையும் நம்பி மேலனுப்பும் நம்மவர்களுக்கு, மூன்றாவது அறிவுரையைவிட இரண்டாவதே பெரிதும் தேவைப்படுகிறது. இறைவனின் ஆற்றலுக்கு எல்லை கற்பிக்கலாமா என்று இதற்கும் சிலர் பதில் வைத்திருப்பார்கள். அறிவுக்கு முரணானது வேறு, வழக்கத்துக்கு மாறானது வேறு என்று அகீதா நூல்கள் முதற்பக்கத்திலேயே பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று தன்னைவிடப் பெரியதைத் தனக்குள் அடக்கும் என்பது எந்த முஃஜிஸாவின் கணக்கிலும் வராது.

மஸ்னவியிலும் மூன்றாவது அறிவுரை உண்மையில் இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியதே. அவன் மூன்றாவதைக் கேட்டதும், முன் சொன்ன இரண்டையும் நன்றாகக் கடைப்பிடித்துவிட்டாய், மூன்றாவதையும் இலவசமாகச் சொல்கிறேன் என்று பறவை கிண்டல் செய்கிறது. அதையடுத்து, உறங்கும் மூடனுக்கு உபதேசிப்பது உவர்நிலத்தில் விதைப்பதாகும் என்னும் கருத்துள்ள அடிகள் வருகின்றன. அவை பறவையின் வாக்கா, கவிஞரின் வாக்கா? பழைய பாரசீக ஏடுகளில் மேற்கோள் குறி கிடையாது. பலர் அதையே மூன்றாவது அறிவுரை என்று கொள்கிறார்கள். எனக்கோ, பறவை கிண்டலோடு பறந்துவிட, வெறுமையாக நின்ற இடத்தில் மௌலானா தம் குரலில் பேசத் தொடங்குகிறார் என்றே படுகிறது. அப்படிக் கொண்டால் ரூமியும் ஷஃபீயின் மரபைக் காத்தவரே ஆவார்.

நம் காலத்துச் சிறுவர் நூல்களோ இந்த வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. மக்தப் பிள்ளைகளுக்கென வெளியான பாடநூல் ஒன்றில், பறவை மலைமேலிருந்து மூன்றாவதாக, பெற்றோர் சொல்லையும் ஆசிரியர் சொல்லையும் மதித்து நட என்று சொல்லிப் பறக்கிறது. அதன் கீழே 'நீதி: பேராசை பெருநஷ்டம்' என்று தடித்த எழுத்து. மிஸ்கால் இல்லை, முத்து 'மிகப் பெரியது' என்று மட்டும் இருக்கிறது. எடை போனதால் கணக்கும் போயிற்று. கணக்குப் போனதால் அவன் ஏன் மூடன் என்பதும் பிள்ளைக்கு விளங்கவில்லை. பக்கத்துப் படத்தில் பறவையின் வயிற்றில் முத்து பளபளப்பாக வரையப்பட்டிருக்கிறது. அதாவது நூலே பறவையின் பொய்யை மெய்யென்று நம்பி, வேட்டைக்காரனின் பக்கம் சேர்ந்துவிட்டது. இதை எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. பிள்ளைக்கு முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற பரிவுதான் இப்படிச் செய்ய வைத்திருக்கிறது. ஆனால் பெற்றோரை மதிப்பதைக் கற்பிக்க நம்மிடம் மறையும் நபிவழியும் இருக்கின்றன. அதற்கு இந்த வானம்பாடியின் வாயைக் கடன் கேட்கவேண்டியதில்லை. அது வாய்மூடிப் போனதால்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தெருவின் பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இக்கதையைத் தமிழில் பிள்ளைகளுக்காக மீண்டும் எழுத முன்வருவோருக்குச் சில குறிப்புகள். பறவைக்குக் கொண்டை இருக்கட்டும். கை, மரம், மலை என்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். எடையைச் சொல்லுங்கள், கிராமில் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே கணக்குப் போட்டுச் சிரிக்கும். உதட்டைக் கடிப்பதை விட்டுவிடாதீர்கள். பறவை பறந்த இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். கதைக்கு அடியில், சிறிய எழுத்தில், 'தாபிஈ ஷஃபீ அவர்கள் வழியாக இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் உள்ளது' என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.